தெருவுக்குப் பொதுவான பழமரங்களும் பூம்பாத்திகளும்: நெல்லைச் சீமைத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தெருவைச் சேர்ந்த பத்துப் பேர் கூடிப் பழமரம் வளர்க்கலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் எழுகிற கேள்வி, எத்தனை கன்று வாங்குவது என்பதுதான். அதற்கான விடையைச் சித்திரை, வைகாசி மாதங்களின் தண்ணீர்க் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. நட்டு ஓராண்டு நிறையாத ஒட்டுக்கன்று (ஒரு செடியின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தின் கிளையைப் பொருத்தி வளர்த்த கன்று) ஒன்றுக்குக் கோடையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு குடம், அதாவது ஏறத்தாழ 12 லிட்டர், தண்ணீர் வேண்டும். இருபது கன்றுகளுக்கு வாரம் 40 குடம். உறுதியாக வரக்கூடியவர்கள் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 8 குடம், இது எவராலும் முடியக்கூடியது. அதே ஐந்து பேரை நம்பி நூறு கன்றுகளை நட்டால் ஆளுக்கு வாரம் 40 குடம் ஆகும், பங்குனி முடிவதற்குள் வேலை நின்றுவிடும். ஆகவே நடவு நாளில் வந்து நிற்பவர்களை எண்ணாமல், மே மாத விடுமுறையில் ஊரிலேயே இருக்கக்கூடியவர்களை எண்ணி, ஆளுக்கு நான்கு கன்று என்ற அளவில் தொடங்குவது நல்லது.

நம் பக்கத்து மழையின் போக்கைப் பார்த்தால் இந்தக் கணக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பது விளங்கும். தென்மேற்குப் பருவமழை குற்றாலத்தையும் செங்கோட்டையையும் பாபநாசத்து மலையடிவாரத்தையும் நனைத்தாலும், பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது அது பெரும்பாலும் வறண்ட காற்றாகவே இருக்கிறது. சமவெளிக்கு உரிய மழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்வதுதான். எனவே தை பிறந்தது முதல் புரட்டாசி முடியும் வரை ஏறத்தாழ ஒன்பது மாதம், இளங்கன்று மனிதர் ஊற்றுகிற தண்ணீரை நம்பியே நிற்கிறது. மூன்று கோடைகளைக் கடந்துவிட்ட மரத்துக்கு வேர் ஆழமாகப் போயிருக்கும், அதன் பிறகு வேலை பாதியாகக் குறையும்.

இடமும் உரிமையும்

தெருவோரம் மாநகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பில் இருக்கலாம். நெடுஞ்சாலை ஓரம் நெடுஞ்சாலைத் துறையுடையது, கால்வாய்க் கரையும் குளத்துக் கரையும் பெரும்பாலும் நீர்வளத் துறையுடையவை, கோயில் நந்தவனத்துக்கு நிர்வாகத்தின் இசைவு வேண்டும். எந்த இடமானாலும் எழுத்தில் அனுமதி பெற்று, அதன் நகலைக் குழுவின் பதிவேட்டில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த இசைவு, அதிகாரி மாறியதும் செல்லாமல் போகக்கூடும்.

ஏற்கெனவே நிற்கிற மரத்தைப் பேண நினைப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவது வழக்கம். புறம்போக்கு நிலத்தில் மரம் வைத்து வளர்த்தவருக்கு அதன் பலனை அனுபவிக்க 2சி பட்டா வழங்குவதும் வருவாய்த் துறையில் உண்டு. ஆகவே யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தோன்றும் மாமரத்தின் காய்க்கு உரிமையாளர் ஒருவர் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பின்னாளில் மனக்கசப்பு வராது. பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை என்பதையும், கவாத்து செய்கிறோம் என்ற பெயரில் பெருங்கிளைகளைத் தறித்துவிட முடியாது என்பதையும் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் போன்றவற்றின் கரையில் நடுகிறவர்கள், தூர்வாரும் இயந்திரம் எந்தக் கரை வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டு எதிர்க்கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்கம்பிக்கு அடியில் மா, நாவல் போன்ற உயர்ந்து வளரும் மரங்கள் கூடாது. அங்கே சீத்தா, மாதுளை, எலுமிச்சை ஆகியவை போதும். கம்பியைத் தொடுகிற கிளையைத் தன்னார்வலர் எவரும் வெட்ட முனையக் கூடாது, மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து அவர்களைக் கொண்டே வெட்டச் செய்ய வேண்டும்.

எல்லா அனுமதிகளுக்கும் மேலாக, கன்று நிற்கப்போகும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள வீட்டாரின் மனம் ஒப்ப வேண்டும். அந்த வீட்டு ஆச்சியோ அண்ணாச்சியோ இந்த மரம் இங்கே வரட்டும் என்று விரும்பினால், ஆடு கடிக்க வரும்போது விரட்டவும், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு குடம் ஊற்றவும் அங்கே ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். இலை உதிர்ந்து வாசல் குப்பையாகிறது என்று அவர்கள் முன்பே சொன்னால், இடத்தைப் பத்தடி தள்ளி வைப்பதில் குழுவுக்கு எந்தக் குறையும் இல்லை.

மண்ணுக்கு ஏற்ற மரம்

திருநெல்வேலிச் சீமையில் பதினைந்து கல் தொலைவுக்குள் மண் முற்றிலும் மாறிவிடும். தாமிரபரணியும் அதன் கால்வாய்களும் பாய்கிற சேரன்மகாதேவி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து வண்டல் மண்ணில் கொய்யா, மா, எலுமிச்சை, வாழை, சப்போட்டா எல்லாம் வரும். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் நீர் தேங்கும், கோடையில் நிலம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். அங்கே நெல்லி, இலந்தை, விளா, கொடுக்காப்புளி ஆகியவற்றை நம்பலாம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் முந்திரியும் நெல்லியும் சீத்தாவும் பனையும் நிற்கும். அங்கே எந்தக் கன்றை வைப்பதாக இருந்தாலும், குழியில் இரண்டு மூன்று கூடை கரம்பை மண்ணை, அதாவது குளத்து வண்டலை, கலந்தால்தான் ஊற்றிய தண்ணீர் வேர்ப் பகுதியில் சிறிது நேரமாவது நிற்கும்.

ஊற்றப்போகும் தண்ணீரின் தன்மையையும் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எலுமிச்சை உப்புத் தண்ணீரைத் தாங்காது, இலை நுனி கருகி மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். சப்போட்டா ஓரளவு உப்பைத் தாங்கும். அடிபம்புத் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருவில், புளியங்குடி எலுமிச்சையின் பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு அதை வைப்பதைவிட, சப்போட்டாவோ நெல்லியோ வைப்பது நல்லது. நெல்லி வைக்கிறவர்கள் ஒரே ரகத்தில் ஒரே ஒரு மரம் வைத்தால் காய்ப்பு மிகக் குறைவாக இருக்கும். மகரந்தச் சேர்க்கைக்கு வேறு ரகம் ஒன்று அருகில் இருக்க வேண்டும் என்பதால், அடுத்த தெருவுக்குச் சேர்த்துத் திட்டமிடலாம். நாவல் கால்வாய்க் கரைக்கு மிகவும் ஏற்றது, சில நாள் நீர் தேங்கினாலும் தாங்கும். ஆனால் தார்ச்சாலை ஓரத்தில் அதன் பழம் உதிர்ந்து நசுங்கினால் இருசக்கர வண்டிகள் வழுக்கும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் தின்றுவிட்டு அதன் கன்றைப் பாளையங்கோட்டையில் நடுகிற ஆசை பலருக்கும் உண்டு. மலைச்சாரலின் ஈரக்காற்றில் வளரும் அந்த மரங்கள் நம் சமவெளி வெயிலில் தேறுவதில்லை, அந்த இடத்தையும் தண்ணீரையும் ஒரு கொய்யாவுக்குக் கொடுப்பதே பயன்.

கன்றுகளைக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலோ நம்பகமான நாற்றுப்பண்ணையிலோ வாங்கலாம். ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா, பைக்குள் வேர் சுருண்டு கிடக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். உயரமான கன்று என்பதற்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை, தண்டு பருத்து வேர் நேராக இருக்கும் இரண்டடிக் கன்றுதான் முதலில் பிடித்துக்கொள்கிறது.

குழியும் நடவும்

ஆவணிக் கடைசியில் குழி எடுத்து, இரண்டு மூன்று வாரம் வெயிலில் ஆறவிட்டு, ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நட வேண்டும். மா, சப்போட்டாவுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம்; எலுமிச்சைக்கு இரண்டரை அடி; கொய்யா, மாதுளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அடி போதுமானது. தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து வைத்து, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரத்தையும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கையும் கலந்து குழியை நிரப்ப வேண்டும். மக்காத பச்சைச் சாணத்தைப் போட்டால் சூடு கிளம்பும், கறையானும் வரும். ஆட்டுப்புழுக்கை கிடைக்கும் ஊர்களில் அதையும் மக்கவைத்தே பயன்படுத்த வேண்டும்.

ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் குறைந்தது நான்கு விரற்கடை தெரியும்படி நட வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். அதை விட்டுவைத்தால் அதுவே மரமாகி, நாம் வாங்கிய ரகம் மடிந்துபோகும். மாவில் முதல் மூன்று ஆண்டு வருகிற பூங்கொத்துகளைக் கிள்ளி எறிய மனம் வராதுதான், ஆனாலும் எறிய வேண்டும். தண்டும் வேரும் தேறுவதற்கு முன் காய்க்கவிட்டால் மரம் வளர்ச்சி குன்றி நின்றுவிடும்.

ஐப்பசியில் நட்ட கன்றுக்குக் கார்த்திகையில் வருகிற ஆபத்து தேங்கும் நீர்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானபோது, தாமிரபரணிக் கரையோரம் முழுவதும் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. தண்டைச் சுற்றிப் படிந்த வண்டலை ஒட்டுப் பகுதி வெளியே தெரியும் அளவுக்கு அள்ளிவிட வேண்டும். சாய்ந்த கன்றை மண் ஈரமாக இருக்கும்போதே மெதுவாக நிமிர்த்திக் கம்பு கட்ட வேண்டும். குழி வாய்க்கால் ஒன்று வெட்டித் தேங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். வேர் மூச்சுவிட வழி கிடைத்தால் பெரும்பாலான கன்றுகள் மீண்டுவிடும்.

தண்ணீர் ஊற்றும் முறை

தண்டின் அடியிலேயே தண்ணீரை ஊற்றுவதுதான் எங்கும் நடக்கிற வழக்கம். தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் கிளைப் பரப்பின் விளிம்புக்கு நேர் கீழே இருக்கின்றன. தண்டின் அடியில் தொடர்ந்து ஈரம் நின்றால் பட்டை அழுகும். ஆகவே தண்டை ஒட்டி மண்ணைச் சிறிது மேடாக அணைத்துவிட்டு, கிளை விளிம்புக்குக் கீழே வட்டப்பாத்தி வெட்டி அதில் ஊற்ற வேண்டும். மரம் விரிய விரிய, பாத்தியையும் ஆண்டுக்கு ஒரு முறை விரித்துக்கொண்டே போக வேண்டும்.

நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரத்தில் இரண்டு நாள் ஒரு முழுக் குடம் ஊற்றுவது மேலானது. மேலாக மட்டும் நனைகிற மண்ணில் வேர் மேலேயே படர்ந்து, இரண்டு நாள் ஊற்றத் தவறினாலும் வாடிவிடும். ஆழமாக நனைந்த மண்ணில் வேர் கீழே இறங்கும். தண்ணீர் மிகவும் தட்டுப்படும் இடங்களில் பானைப் பாசனம் நல்ல பலன் தரும். மெருகு பூசாத மண்பானை ஒன்றின் அடியில் சிறு துளையிட்டு, அதில் துணித்திரி செருகி, கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நிரப்பி மூடி வைத்தால் ஈரம் பல நாள் நிற்கும். மூடி வைப்பதைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும். திறந்த பானையில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும், அப்புறம் சுகாதாரப் பணியாளர்கள் வந்து பானையை உடைப்பதில் தவறில்லை.

பாத்தியின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், பனையோலைத் துண்டு, தென்னை மட்டை ஆகியவற்றை நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஆவியாகும் நீர் வெகுவாகக் குறையும். தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு மட்டும் மூடாக்கு இல்லாமல் விட வேண்டும். மூடாக்கைக் கிளறும்போது கையை நேரடியாக விடாமல் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டே வேலை செய்ய வேண்டும், விரியன் சருகுக்குள் படுத்திருப்பது நம் பக்கத்தில் வழக்கம். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வளர்ந்த மாமரத்துக்கு இரக்கப்பட்டு ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பூப்பதற்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களில் மண் காய வேண்டும். அப்போது ஈரம் மிகுந்தால் பூவுக்குப் பதிலாகத் துளிரே வரும். காய் பிஞ்சுப் பருவத்தைக் கடந்த பிறகு ஊற்றுகிற தண்ணீர்தான் பயன்படும்.

ஆனி, ஆடிக் காற்று

செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் ஆனியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசுகிற காற்று, காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே விசையோடு இளங்கன்றுகளையும் ஆட்டுகிறது. வேர் அசைந்த கன்று, வெளியே பார்க்கப் பச்சையாக இருந்தாலும் உள்ளே பிடிப்பை இழந்துவிடும். எனவே கன்றின் மேற்குப் பக்கத்தில் ஒரு கம்பை ஆழமாக ஊன்றி, வாழைநாராலோ பழைய துணியாலோ எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும். கட்டுக்கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் தண்டு பருக்கும்போது பட்டைக்குள் இறங்கிவிடும் என்பதால் அவை வேண்டாம். வைகாசிக் கடைசியில் எல்லாக் கட்டுகளையும் ஒரு சுற்று பார்த்து, இறுகியவற்றைத் தளர்த்தி, இற்றவற்றை மாற்றிவிட வேண்டும். கன்றைச் சுற்றி வைக்கிற உடைமுள் வேலியும் இந்தக் காற்றில் பறக்கும், அதையும் அப்போதே இறுக்கலாம்.

கவாத்து

கவாத்துக்குக் கூர்மையான கத்தரியும் சிறு ரம்பமும் போதும், அரிவாளால் கொத்தினால் பட்டை கிழியும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, நடப்பவர் தலையில் இடிக்கும் கிளை ஆகியவற்றை மட்டும் எடுக்க வேண்டும். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் அது தன் எடையால் முறிந்து தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்பக்கத்தில் பாதி வெட்டி, பிறகு சிறிது தள்ளி மேலிருந்து வெட்டிக் கிளையை இறக்கி, கடைசியில் எஞ்சிய முண்டைத் தண்டோடு சேரும் வீங்கிய வளையத்துக்கு வெளியே நறுக்கி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் ஒன்றாக்கினால் பசை தயாராகிவிடும். இரும்புப் பாத்திரம் கூடாது. ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது கத்தரியை ஸ்பிரிட்டாலோ டெட்டால் கரைசலாலோ துடைப்பது நோய் பரவாமல் காக்கும்.

கொய்யாவில் புதுக் கிளையில்தான் காய் பிடிக்கும் என்பதால், மாசியிலும் புரட்டாசியிலும் கிளை நுனிகளை அரை அடி வரை கிள்ளிவிட்டால் அடுத்த காய்ப்பு நன்றாக இருக்கும். மாவிலும் சப்போட்டாவிலும் புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடி பற்றியிருந்தால் அதை மட்டும் பிடுங்கினால் போதாது, பற்றிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும். நாவல், முருங்கைக் கிளைகளில் எவரையும் ஏறவிடக் கூடாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் முறியக்கூடியவை. மரத்தில் அடித்த விளம்பரப் பலகையின் ஆணிகளையும் அலங்கார விளக்குக் கம்பிகளையும் ஆண்டுக்கு ஒரு முறை கழற்றுவதும், தண்டை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தைச் சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்காவது பெயர்க்கச் சொல்லி மனுக் கொடுப்பதும் குழுவின் வேலைகளே.

பூச்சியும் மருந்தும்

குழந்தைகள் கை நீட்டிப் பறித்துத் தின்னும் தெரு மரத்தில் இரசாயனப் பூச்சிக்கொல்லி அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனி, ஆடியில் உதிர்கிற வேப்பமுத்தைப் பொறுக்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் மருந்து கையில் இருக்கும். அந்த முத்தின் உள்ளிருக்கும் பருப்பில் அரைக் கிலோ எடுத்து இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். மரம் முழுப் பூவில் இருக்கும்போது இதைக்கூடத் தவிர்த்தால் தேனீக்களுக்கு நல்லது.

கொய்யா இலையின் அடியில் வெள்ளை ஈ படர்ந்தால், குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதே முதல் மருத்துவம். எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுக்களைக் கையால் எடுத்துவிட்டால் போதும். பப்பாளியில் மாவுப்பூச்சியைக் கண்டதும் கடைக்கு ஓட வேண்டாம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தோன்றித் தமிழ்நாடு முழுவதும் பரவிய அந்தப் பூச்சியை, 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்தக் குளவியும் சாகும். மாமரத்து முசுறு என்கிற செவ்வெறும்பு கடிக்குமே தவிர, பல பூச்சிகளை இரையாக்கி மரத்தைக் காக்கிறது. காய் பறிக்கும் கிளையில் மட்டும் அதன் கூட்டை அகற்றிக்கொள்ளலாம்.

மாவிலும் கொய்யாவிலும் பெருந்தொல்லை பழ ஈதான். விழுந்து கிடக்கும் புழுப் பழங்களை நாள்தோறும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது, வேளாண் கடைகளில் கிடைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் காய்க்கும் பருவத்தில் தொங்கவிடுவது ஆகிய இரண்டையும் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் செய்தால் பலன் தெரியும். ஒருவர் மட்டும் செய்தால் அடுத்த வீட்டுக் கொய்யாவிலிருந்து ஈ மீண்டும் வந்துவிடும்.

பூம்பாத்தி

பூம்பாத்தியின் அகலம் நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கமும் நின்று கை எட்டினால்தான் பாத்திக்குள் மிதிக்காமல் களை எடுக்க முடியும். மழைக்காலத்தில் அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாக வைக்க வேண்டும்.

கேந்தி, அதாவது செண்டுமல்லி, எளிதானது. விதைத்து நான்கு வாரத்தில் நாற்று நடலாம், நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும், நட்ட இரண்டு மாதத்தில் பூக்கும். ஆயுத பூசைக்குத் தெருவுக்கு வேண்டிய பூ பாத்தியிலிருந்தே கிடைக்க வேண்டுமானால் ஆனி முதல் வாரத்தில் விதைக்க வேண்டும், பொங்கலுக்கு என்றால் ஐப்பசித் தொடக்கத்தில். மல்லிகையைக் கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும், பிச்சிக்கு மார்கழி முற்பாதி. தண்ணீர் ஊற்ற ஆள் குறைவான இடத்தில் வாடாமல்லி, நித்தியகல்யாணி, இட்லிப்பூ, செம்பருத்தி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அரளி எந்த வறட்சியையும் தாங்கும், ஆடும் கடிக்காது. ஆனால் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு, மஞ்சள் அரளியின் விதை உயிரையே எடுக்கும். அங்கன்வாடி, பள்ளி, விளையாடும் இடம் ஆகியவற்றின் அருகில் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

விடியற்காலையில் பூசைக்குப் பூப்பறிக்க வருபவர்களைத் தடுப்பது வீண் சண்டைக்கே இட்டுச்செல்லும். பாதையோரம் உள்ள செம்பருத்தியும் நந்தியாவட்டையும் யாரும் பறிக்கலாம், நடுப்பாத்தி பார்வைக்கு என்று பிரித்து ஒரு சிறு பலகை வைத்துவிட்டால் பெரும்பாலோர் மதித்து நடப்பார்கள்.

பழத்தைப் பங்கிடுதல்

முதல் காய் பிடிப்பதற்கு முன்பே பழம் யாருக்கு என்பதைக் கூட்டத்தில் பேசி எழுதிவிட வேண்டும். பங்கீட்டில் மனம் நொந்தவர்கள் அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்ற வருவதில்லை என்பதால், மரத்தின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய வேலை இது. நின்று கை எட்டுகிற உயரத்தில் உள்ள பழம் அவ்வழியே போகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியது என்று விட்டுவிடலாம். அதற்கு மேல் உள்ளதைக் குறித்த நாளில் சேர்ந்து பறித்து, தண்ணீர் ஊற்றியவர்களுக்கு ஒரு பங்கு, மரம் நிற்கும் வாசல் வீட்டாருக்கு ஒரு பங்கு, அங்கன்வாடிக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு பங்கு என்று பிரிப்பது பலரும் ஒப்பக்கூடிய முறை. உச்சியில் எட்டாத சிலவற்றை அணிலுக்கும் குயிலுக்கும் விட்டுவிடுவதே சரி. விற்றுப் பணமாக்க நினைத்தால், இடத்துக்கு உரிய துறையின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் செய்யக் கூடாது.

தொரட்டியின் நுனியில் வலைப்பை கட்டிப் பறித்தால் காய் கீழே விழுந்து அடிபடாது. மாங்காயை மூன்று விரற்கடைக் காம்போடு பறித்து, பால் தோலில் வழியாமல் கவிழ்த்து வைக்க வேண்டும், பால் பட்ட இடம் கருத்து அழுகும். வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்துப் பழுக்கவிடலாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. நாவலுக்கு மரத்தடியில் பழைய சேலைகளை விரித்துக் கிளையை உலுக்கினால் மண் படாத பழம் கிடைக்கும்.

வவ்வால் கடித்துப் போட்ட பழத்தை எவரும் தின்னக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பரவிய நிபா தீநுண்மி பழந்தின்னி வவ்வால்களிடம் வாழ்வது. பல் பட்ட பழத்தைப் புதைத்துவிட்டு, நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவித் தின்றால் போதும். அதற்காக வவ்வால்களை விரட்டவோ அவை தங்கும் மரத்தை வெட்டவோ வேண்டியதில்லை, பல மரங்களின் மகரந்தமும் விதையும் பரவுவது அவற்றால்தான்.

பதிவேடு

ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் கொடுத்து, நட்ட நாள், ரகம், தண்ணீர் ஊற்றும் இருவரின் பெயர், கண்ட நோய், பறித்த பழம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். ஒரு மரத்துக்கு இருவர் என்பது முக்கியம், ஒருவர் வெளியூர் போனாலும் குடம் நிற்காது. பட்டுப்போன கன்றையும் காரணத்தோடு எழுத வேண்டும்: தண்ணீர் போதவில்லையா, ஆடு கடித்ததா, காற்றில் அசைந்ததா, வேர் அழுகியதா என்று. ஆவணியில் அந்த நோட்டைப் பார்த்து, ஆடு கடித்த இடத்துக்கு வேலியையும் வேர் அழுகிய இடத்துக்கு மேட்டையும் முதலில் செய்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் புதுக் குழி எடுத்தால் ஐப்பசி நடவுக்கு நாள் சரியாக இருக்கும்.